அடுக்களைக்கு ஓர் இருக்கை

திருநின்றவூர் என்றதும் பெரியபுராணம் படித்தவர்களுக்குப் பூசலார் நினைவுக்கு வருவார். கோயில் கட்டப் பொருள் கிடைக்காத நிலையில், அடித்தளம் முதல் சிகரம் வரை ஒரு கோயிலை மனத்துக்குள்ளேயே எழுப்பி முடித்தவர். காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னன் குடமுழுக்குக்குக் குறித்த நாளும் பூசலார் குறித்த நாளும் ஒன்றாகிவிட, இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, நாளைத் தள்ளிவைக்கச் சொன்னாராம். அவ்வூரில் இன்று இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றி, அரை கிரவுண்டிலும் முக்கால் கிரவுண்டிலும் வீடுகள் எழுந்தவண்ணம் இருக்கின்றன. வீடு கட்டுகிறவர்கள் மனத்தில் திரும்பத் திரும்ப இடித்துக் கட்டிப் பார்ப்பது எந்த அறையை என்று கேட்டால், சமையலறை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

அந்தக் கற்பனைக்கு அண்மைக்காலத்தில் வாய்த்த பெயர்களில் ஒன்று ‘தொழிற்கூடப் பாணி’. உணவகத்தின் பின்கட்டில் காணும் எஃகு மேசைகள், கதவில்லாத தட்டுகள், மறைக்கப்படாத குழாய்கள், அடுப்புக்கு மேலே அகன்ற புகைக்கூண்டு. தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் செய்த பண்டங்களை வீட்டுக்குள் கொண்டுவரும் இந்த ரசனைக்கு ஒரு கையேடும் உண்டு: ஜோன் குரோனும் சூசன் ஸ்லெசினும் 1978இல் வெளியிட்ட ‘ஹை-டெக்’. நியூயார்க்கின் பழைய கிடங்குகளில் குடியேறியவர்களுக்குத் தொழிற்கூடம் அழகுப் பொருளாகத் தெரிந்ததில் வியப்பில்லை. நமது இரயில் பாதையில் நிலைமை வேறு. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை, பெரம்பூரில் 1955இல் தொடங்கிய இரயில் பெட்டித் தொழிற்சாலை, வடக்கே கும்மிடிப்பூண்டி. தொழிற்கூடம் இங்கே கைவிடப்பட்ட கட்டடமன்று. காலை வண்டியைப் பிடித்துப் போய்ச் சேரவேண்டிய இடம். பட்டறையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவருக்கு வீட்டிலும் பட்டறையைப் பார்க்க ஆசை இருக்குமா என்பது தனிக் கேள்வி.

ஆனால் தொழிற்கூடம் சமையலறைக்குள் நுழைந்தது 1978இல் அன்று. தோற்றமாக வருவதற்கு வெகு முன்பே அது கணக்காக வந்துவிட்டது. ஆலைத் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் கொண்டு அளந்த டெய்லரின் ‘அறிவியல் மேலாண்மை’ நூல் 1911இல் வந்தது. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கிறிஸ்டின் ஃபிரெடரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி அதே அளவுகோலை அடுக்களைக்குக் கொண்டுவந்தார். அடுப்புக்கும் தொட்டிக்கும் அலமாரிக்கும் இடையே ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், அதில் எத்தனை அடி வீண் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். அவருடைய நூல் ஜெர்மனிக்குப் போயிற்று. அதைப் படித்தவர்களில் ஒருவர், வியன்னாவிலிருந்து வந்த மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற இளம் கட்டடக் கலைஞர்.

முதல் உலகப் போருக்குப் பின் ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சி, எர்ன்ஸ்ட் மேயின் தலைமையில், உழைக்கும் மக்களுக்காக வரிசை வரிசையாகக் குடியிருப்புகளைக் கட்டியது. அவற்றுக்காக 1926இல் லிஹோட்ஸ்கி வரைந்த சமையலறை ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அவருக்கு முன்மாதிரியாக இருந்தவற்றுள் இரயில் வண்டியின் உணவுப் பெட்டியும் ஒன்று. ஒடுங்கிய இடத்தில் பெருங்கூட்டத்துக்குச் சமைக்கும் வித்தை அங்கேதான் முழுமை பெற்றிருந்தது. பெரம்பூர்ப் பெட்டிகள் ஓடும் பாதையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த உறவு பிடிபடும். மாவுக்கு ஓக் மர இழுப்பறை, ஏனெனில் அம்மரத்தைப் புழு அண்டாது என்று கருதினார்கள். அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்குச் சாய்த்தால் கொட்டும் மூக்குடைய அலுமினியப் பெட்டிகள். ஈ அமராது என்ற நம்பிக்கையில் நீலப் பூச்சு. சன்னலோரமாகக் காய்கறி நறுக்கும் பலகை. அதிலேயே கழிவு விழுவதற்கொரு திறப்பு. அப்பலகைக்கு முன்னால், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சுழல் முக்காலி.

இந்த முக்காலியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். லிஹோட்ஸ்கி அதற்குமுன் குடும்பம் நடத்தியதோ சமைத்ததோ இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆயினும் நிற்பவளுக்குக் கால் வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து, 1941 முதல் 1945 வரை சிறையில் இருந்தவர் அவர். 2000இல், 103ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு மறைந்தார். அவருடைய சமையலறை மீது எழுந்த கண்டனம் நியாயமானதுதான். ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அறை, அந்த ஒருவர் பெண்ணாகவே இருப்பார் என்பதையும் முடிவுகட்டிவிடுகிறது. குழந்தை உள்ளே வர முடியாது. கணவன் வர வேண்டியதில்லை. வேலையைக் குறைக்க வந்த அறை, வேலை செய்பவளைத் தனிமைப்படுத்தியது.

தமிழ் அடுக்களை நடந்து வந்த வழி இதற்கு ஏறக்குறைய நேர்மாறு. அது உட்கார்ந்து வேலை செய்யும் இடமாக இருந்தது. அடுப்பு தரையில். அருவாமணையில் ஒரு கால் மடித்து அமர்ந்துதான் காய் நறுக்க வேண்டும். ஆட்டுக்கல்லுக்கு முன் உட்காராமல் மாவாட்ட முடியாது. அம்மியில் அரைப்பதும் முறத்தில் புடைப்பதும் கீரை ஆய்வதும் தரையோடு நடந்தவையே. பக்கத்தில் இன்னொரு மனைப்பலகை போட்டால் இன்னொருவர் உட்காரலாம்; மாமியாரோ மகளோ அண்டை வீட்டுக்காரரோ. இதைப் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. குனிந்து ஊதி ஊதிக் கண் கெட்டவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள், யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்ற ஆசாரத்தில் வாசலோடு நிறுத்தப்பட்டவர்கள் எல்லாருமே அந்த அடுக்களையின் வரலாற்றில் உண்டு. ஹைதராபாதைச் சேர்ந்த பொறியாளர் எஸ். பி. ராஜு, கோடிக்கணக்கான எளியவர்களுக்குப் புகையற்ற சமையலறை அமைப்பது எப்படி என்று 1953இல் ஒரு சிறு நூலே எழுதினார். அவருடைய அடுப்பும் தரையோடு அமர்ந்த அடுப்புத்தான். புகையை மட்டும் குழாய் வழியாக வெளியேற்றியது, சமைப்பவரை எழுப்பவில்லை.

எழுப்பியது எரிவாயு. சமையல் வாயு காற்றை விடக் கனமானது; கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே உருளையின் மட்டத்துக்கு மேலே அடுப்பை வைக்கவேண்டும் என்பது பாதுகாப்பு விதி. விதியை நிறைவேற்ற மேடை வேண்டும். மேடை வந்ததும் சமைப்பவர் எழுந்து நின்றார். மண்ணெண்ணெய் அடுப்புக் காலத்திலேயே சில வீடுகளில் மேடை இருந்ததுண்டு. ஆனால் எல்லார் வீட்டிலும் அதைக் கட்டாயமாக்கியது சிவப்பு உருளைதான். அருவாமணை போய்க் கத்தி வந்தது. கோயம்புத்தூரில் 1955இல் சபாபதி உருவாக்கிய மின்சார மாவரைப்பான், ஆட்டுக்கல்லின் கல்லை வைத்துக்கொண்டு உட்காருகிறவரை மட்டும் நீக்கியது. ஈயம் பூசிய பித்தளையின் இடத்தில் எவர்சில்வர் அமர்ந்தது. பிரியர்லி என்பவர் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழாய்க்காக உலோகம் தேடியபோது, 1913இல் அகப்பட்ட துருப்பிடிக்காத எஃகு, புளிக்கும் அசையாமல் நம் வீடுகளில் நிலைத்துவிட்டது. திருநின்றவூருக்கு அருகில், திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். காக்களூரும் ஒரு தொழிற்பேட்டை. தரையில் அமர்ந்து செய்யவேண்டிய கடைசி வேலையும் அத்துடன் ஏழை வீடுகளிலிருந்து விடைபெறத் தொடங்கியது எனலாம். அந்த விடுதலையைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. ஆட்டுக்கல்லில் இரண்டு படி அரிசி ஆட்டியவர்கள் குறைத்துப் பேசுவதில்லை.

எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. உழைப்பு போனபோது இருக்கையும் போயிற்று. நிற்பது மட்டும் தங்கிவிட்டது.

தொழிற்கூடத்திலோ நிற்பதற்குச் சட்டம் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 44ஆம் பிரிவில், நின்றுகொண்டு வேலை செய்யவேண்டிய தொழிலாளர்களுக்கு, இடையில் ஓய்வு வாய்க்கும்போது உட்கார ஏற்பாடு இருக்கவேண்டும் என்றது. அதே சட்டத்தின் 46ஆம் பிரிவுதான் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீனுக்கு வழிசெய்தது. நம் பகுதியின் அசல் தொழிற்கூடச் சமையலறைகள் அந்தக் கேன்டீன்களே. கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பெண்களுக்கு அந்த உரிமை வந்துசேர வெகுகாலம் ஆயிற்று: கேரளத்தில் 2018இல், தமிழ்நாட்டில் 2021இல். வீட்டுச் சமையலறைக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. அங்கே மேலாளரும் தொழிலாளியும் பெரும்பாலும் ஒருவரே என்பதால் மனுக் கொடுக்கவும் ஆளில்லை.

ஆகவே தொழிற்கூடப் பாணியில் அடுக்களை அமைக்க விரும்பும் நண்பர்கள், எஃகின் பளபளப்புக்கு முன்பாகத் தொழிற்கூடத்தின் கணக்கைக் கடன் வாங்கலாம். எஃகு வாங்கினால் பதினெட்டு பங்கு குரோமியமும் எட்டு பங்கு நிக்கலும் கொண்ட 304 ரகமா என்று கேட்டு வாங்குவது நல்லது. மலிவான 202இல் நிக்கல் குறைவு. தரைக்குக் கேன்டீன்களில் உள்ளதுபோல வடிகால் பக்கம் சற்றுச் சாய்வு வேண்டும். தாளிக்கும் வீட்டில் சுவரில்லாத சமையலறை வைத்தால், புகையை வெளியே தள்ளும் விசிறி முதல் நாளே திட்டத்தில் இருக்கவேண்டும். அக்னி மூலைக்குப் பார்க்கும் நேரத்தில் பாதியைக் காற்றின் திசைக்கு ஒதுக்கினால் போதும்.

மேடையின் உயரத்தைக் கொத்தனாரிடமோ விற்பனையாளரிடமோ விடக்கூடாது. அவர்களிடம் 34, 36 அங்குலம் என்று ஓர் எண் தயாராக இருக்கும். சமைக்கப்போகிறவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடித்தால், மேடை அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே இருக்கவேண்டும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது 32 அங்குலத்தை ஒட்டி வரும். அளக்கும்போது வீட்டில் சமைக்கிற எல்லாரையும் அழைத்து நிறுத்தி அளப்பது முறை. பிறகு மேடைக்குக் கீழே முழுவதையும் அலமாரியாக அடைத்துவிடாமல், சன்னல் பக்கமாக இரண்டரை அடி அகலம் வெறுமையாக விடச் சொல்லவேண்டும். முழங்கால் நுழைய இடம் வேண்டுமல்லவா. அங்கே மேடையைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு முக்காலியைப் போட்டுவிடலாம். இடம் இருந்தால் இரண்டு.