துணையால் தாக்கப்பட்ட ஆண்கள்: பிரிட்டனில் உதவிப் பணி உருவான கதை

மனைவியிடம் அடிவாங்கிய கணவனை ஊர்கூடிக் கேலி செய்வது இங்கிலாந்தில் பல தலைமுறைகளாக இருந்துவந்த வழக்கம். ஸ்கிமிங்டன் ஊர்வலம் என்று அதற்குப் பெயர். சட்டிபானைகளைத் தட்டிக் கூச்சலிட்டபடி, அந்தக் கணவனையோ அவனாக வேடமிட்ட பக்கத்து வீட்டுக்காரனையோ கழியில் ஏற்றியோ குதிரைமேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்தோ தெருத்தெருவாகச் சுற்றுவார்கள். சாமர்செட் மாவட்டத்து மாண்டக்யூட் மாளிகையின் பெரிய கூடத்தில், 1600ஐ ஒட்டிச் செய்யப்பட்ட சுதைச் சிற்பமொன்றில் இது அப்படியே பதிவாகியிருக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பீப்பாயிலிருந்து பானம் பிடிக்கும் கணவனை மனைவி செருப்பால் அடிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிடுகிறார். பிறகு ஊரார் அவனைக் கழியில் ஏற்றித் தூக்கிப்போகிறார்கள். அடி பட்டதும் அவன்தான், தண்டனை பெற்றதும் அவன்தான். ஊர்வலங்கள் காலப்போக்கில் ஓய்ந்தன. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம் மட்டும் ஆண்களை விட்டுப் போகவில்லை. பின்னாளில் வந்த ஒவ்வொரு உதவி அமைப்பும் முதலில் மோத வேண்டியிருந்தது அந்தப் பயத்தோடுதான்.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பொதுப் பிரச்சினையாக்கியது பெண்கள் இயக்கம். 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிஸ்ஸி தொடங்கிய காப்பகம் அதில் ஒரு திருப்பம். அடி தாங்காமல் பிள்ளைகளோடு வெளியேறிய பெண்களுக்குப் போக ஓர் இடம் கிடைத்தது. விரைவில் நாடெங்கும் காப்பகங்கள் எழுந்தன. ஆண்களுக்கும் ஒரு வீடு அமைக்க பிஸ்ஸி முயன்றார். பெண்களுக்குக் கொடுத்தவர்கள் ஆண்களுக்கு என்றதும் பணம் தரவில்லை, முயற்சி நிலைக்கவில்லை.

அதற்கடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் பேச்செல்லாம் எண்ணிக்கையைப் பற்றியே இருந்தது. அமெரிக்காவில் மரே ஸ்ட்ராஸ், ரிச்சர்ட் கெல்லஸ், சூசன் ஸ்டைன்மெட்ஸ் ஆகியோர் 1975இல் 2,143 குடும்பங்களிடம் நடத்திய ஆய்வில், முந்தைய ஓராண்டில் கணவன் மனைவியைத் தாக்கியது 12.1 சதவீதம், மனைவி கணவனைத் தாக்கியது 11.6 சதவீதம் என்று வந்தது. இந்தக் கணக்கைக் கடுமையாக மறுத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் ஸ்காட்லாந்தில் ஆய்வு செய்த டோபாஷ் தம்பதியர். ஓர் அறையையும், உயிர் நடுங்கவைக்கும் தொடர் அடியையும் ஒரே கட்டத்தில் போட்டு எண்ணக் கூடாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 1996ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குற்றக் கணக்கெடுப்பில், கடந்த ஓராண்டில் துணையால் தாக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் பெண்களில் 4.2 சதவீதம், ஆண்களிலும் 4.2 சதவீதம். ஆனால் காயம், அச்சம், திரும்பத் திரும்ப நடப்பது என்று பார்த்தால் பெண்களின் நிலை தெளிவாகவே மோசமாக இருந்தது. இரு தரப்பும் விட்டுவிட்ட கேள்வி ஒன்று உண்டு: எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், நாளை காலை ஒருவர் காயத்தோடு வந்து நின்றால் அவரை யார், எப்படி விசாரிப்பது?

பதில் முதலில் தன்னார்வலர்களிடமிருந்து வந்தது. அயர்லாந்தில் 1997இல் மேரி கிளியரி என்ற பெண்மணி ஆமென் அமைப்பைத் தொடங்கினார். 2001இல் மேன்கைண்ட் இனிஷியேட்டிவ் என்ற தொண்டு நிறுவனம் பிரிட்டனில் தோன்றியது. அது வேரூன்றிய டான்டன் நகரம், மாண்டக்யூட் சிற்பம் இருக்கும் அதே சாமர்செட்டில்தான் இருக்கிறது. பெயர் சொல்லாமல் தொலைபேசியில் பேச முடிந்ததே பலருக்குப் பெரிய ஆறுதல்.

தொழில்முறைப் பயிற்சி வேறொரு வாசல் வழியாக வந்தது. மென்ஸ் அட்வைஸ் லைன் என்ற உதவி எண்ணை 2007 முதல் நடத்திவரும் ரெஸ்பெக்ட், அடிப்படையில் துணையை அடிக்கும் ஆண்களைத் திருத்தும் திட்டங்களுக்கான அமைப்பு. அந்த அனுபவம் இங்கே கைகொடுத்தது. 'நான்தான் பாதிக்கப்பட்டவன்' என்று அழைக்கும் எல்லாரும் அப்படிப்பட்டவர்கள் இல்லை. தான் அடித்தபோது மனைவி தடுத்துப் பிறாண்டியதைக் காட்டி உதவி கேட்பவரும் உண்டு. எனவே யார் யாரை அடித்தார் என்ற கேள்வியோடு ஆலோசகர் நிற்பதில்லை. யாருக்கு யாரைக் கண்டால் பயம், சம்பளப் பணம் யார் கையில் இருக்கிறது, நண்பர்களைப் பார்ப்பதை விட்டவர் யார், மறுத்துப் பேசினால் வீட்டில் என்ன நடக்கும் என்று பொறுமையாகக் கேட்பார். பதில்களிலிருந்து, பாதிக்கப்பட்டவரா, திருப்பி அடித்த பாதிக்கப்பட்டவரா, தாக்கியவரேதானா என்பது துலங்கும். சிலர் இதைச் சந்தேகப் பார்வை என்று குறை சொன்னார்கள். உண்மையில் இந்த விசாரிப்புதான் பாதிக்கப்பட்ட ஆணின் சொல்லுக்குக் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் எடை கொடுத்தது.

வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் இதே காலத்தில் இயங்கிய டீன் திட்டத்துக்கு, பெண் துணையால் தாக்கப்பட்டவர்களும் ஆண் துணையால் தாக்கப்பட்டவர்களும் வந்தார்கள். உயிராபத்து மிகுந்த வழக்குகளைக் காவல்துறை, மருத்துவம், வீட்டுவசதி அலுவலர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் மராக் கூட்டங்களும் 2003இல் கார்டிஃபில்தான் தொடங்கின. இதற்கு 2009 முதல் பயன்படும் டேஷ் வினாப்பட்டியலில் 'மிகவும் பயப்படுகிறீர்களா?' என்றொரு கேள்வி உண்டு. கழுத்தில் தழும்போடு உட்கார்ந்திருக்கும் ஆண்கூட 'பயமெல்லாம் இல்லை' என்று சொல்லிவிடக்கூடும். கர்ப்பம் பற்றிய கேள்வி அவருக்குப் பொருந்தாது. அதனால் மதிப்பெண் குறைந்தாலும், தன் தொழில் அனுபவத்தை வைத்து வழக்கைக் கூட்டத்துக்கு அனுப்பலாம் என்று ஆலோசகருக்கு அனுமதி இருக்கிறது. ஆண்களின் வழக்குகளில் இது மிக முக்கியமான வழி.

சட்டம் பின்னால் வந்தது. உடலில் காயம் இல்லாமலே துணையை அடக்கி ஆள்வது 2015 டிசம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமாயிற்று. 2018இல் லூட்டன் நீதிமன்றம், தன் துணைவரை அடக்கி ஆண்டு கடுமையாகக் காயப்படுத்திய இளம்பெண் ஒருவருக்கு ஏழரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இந்தக் குற்றத்துக்காகப் பெண் ஒருவர் தண்டிக்கப்பட்டது அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டு, பாதிக்கப்பட்ட ஆண்களுக்கான தனிக் கொள்கை அறிக்கையை உள்துறை வெளியிட்டது. 2022இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் சுமார் 16 லட்சம் பெண்கள், 7,57,000 ஆண்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் மதிப்பிட்டது.

2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வரையறையில் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடத்தில் ஆதரவு தருவதை இங்கிலாந்தின் உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கடமையாகவும் ஆக்கியது. பெண்கள் தங்கும் காப்பகத்தில் ஆண்களைச் சேர்க்க முடியாது. அங்குள்ள பெண்களின் நிம்மதி அதற்கு இடம் தராது. ஆகவே ஆண்களுக்கு ஊருக்குள் தனித்தனி வீடுகளை ஏற்பாடு செய்து, ஆலோசகர் அங்கே போய்ப் பார்த்துவரும் முறை பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைகளோடு வெளியேறும் தந்தைக்கும் இந்த ஏற்பாடுதான் ஒத்துவருகிறது.