ஆராய்ச்சி மணியும் ஒன்றரை மனிதரும்



ஒருவர் செய்த செயலை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம்? செய்தவருடைய எண்ணத்தைக் கொண்டா, செயலால் நேர்ந்த விளைவைக் கொண்டா? வீட்டிலே பிள்ளை கைதவறிக் கண்ணாடியை உடைத்தால் ஒரு தீர்ப்பு, கோபத்தில் எறிந்து உடைத்தால் வேறொரு தீர்ப்பு. உடைந்த கண்ணாடிக்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான். நீதிமன்றங்களும் சமயங்களும் காலங்காலமாக விடை தேடிவரும் கேள்வி இது. இக்கேள்விக்கு ஒன்றல்ல, பல விடைகளைத் தன்னகத்தே வைத்திருக்கும் பழைய நூல் ஒன்று நமது நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் மகாவம்சம்.

மகாவம்சத்தில் எல்லாளன், துட்டகைமுனு கதையை அறியாதவர் இந்நாட்டில் இல்லை. அதனைப் போர்க்கதையாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். ஒரு சாராருக்கு அது வெற்றியின் கதை. மறு சாராருக்கு வீழ்ச்சியின் கதை. அந்தப் பகுதியை நீதி பற்றிய நூலாக ஒருமுறை படித்துப் பார்த்தால் என்ன என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் எண்ணம்.

எல்லாளன் சோழ நாட்டிலிருந்து வந்தவன். அசேலன் என்ற மன்னனை வென்று அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆட்சி செய்தான். அவன் காலத்தைக் கிறிஸ்துவுக்கு முற்பட்ட இரண்டாம் நூற்றாண்டு என்று பலர் கொள்வர். மகாவம்சத்தை இயற்றிய மகாநாம தேரரோ அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னே, கி.பி. ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவர். அவருடைய நோக்கில் எல்லாளன் பிறநாட்டான், பிற சமயத்தான், காவிய நாயகனாகிய துட்டகைமுனுவின் பகைவன். ஆயினும் வழக்கென்று வந்தால் நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி வழங்கியவன் என்று அவனைப் பற்றி அவர் எழுதி வைத்தார். மகாவம்சத்துக்கு முந்திய தீபவம்சமும் அவனை அறநெறி பிழையாத அரசன் என்றே போற்றுகிறது. பகைவனின் சிறப்பை மறைக்காமல் எழுதுவதற்கு ஒரு நேர்மை வேண்டும். அந்த நேர்மையை முதலில் ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

எல்லாளனுடைய படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி தொங்கியது. அதன் நீண்ட கயிறு வெளியே விடப்பட்டிருந்தது. நீதி வேண்டுவோர் எவரும் அதனை இழுக்கலாம். ஒருநாள் அரசனின் ஒரே மகன் திசாவாவிக்குத் தேரிற் செல்லும்போது, வழியில் தாய்ப்பசுவோடு படுத்திருந்த கன்றின் கழுத்தில் தேர்ச்சில்லு ஏறியது. கன்று இறந்தது. அவன் அதை அறிந்து செய்யவில்லை. தாய்ப்பசு வந்து மணியை இழுத்தது. அரசன் அதே தேர்ச்சில்லினால் மகனின் தலையைத் துண்டிக்கச் செய்தான்.

தமிழ் படித்த எவருக்கும் இந்த இடத்தில் திருவாரூர் நினைவுக்கு வரும். மனுநீதி கண்ட சோழன் கதையும் இதுவேதான். பாண்டியன் அவையிலே தன் ஊரின் பெருமை சொல்ல நேர்ந்தபோது கண்ணகி இச்சோழனைத்தான் நினைவுகூர்கிறாள். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் இதனை விரிவாகப் பாடினார். கதை அங்கிருந்து இங்கு வந்ததா, இங்கிருந்து அங்கு போனதா என்ற ஆராய்ச்சி நமக்கு இப்போது வேண்டியதில்லை. இரண்டு மொழியிலும் இரண்டு சமயத்திலும் ஒரே கதை பேணப்பட்டது என்பதே நாம் கருத வேண்டியது.

இந்துக் கல்லூரி ஒன்றில் பல்லாண்டாகத் தமிழ் கற்பிக்கிறேன். திருநகரச் சிறப்பைப் படிப்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பிலே யாராவது ஒரு மாணவன் எழுந்து நிற்பான். "சேர், அவன் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே? கண்டு தானாப் பாய்ஞ்சதுக்கு ஏன் சேர் அவனைக் கொல்லவேணும்?" என்று கேட்பான். நியாயமான கேள்வி. சேக்கிழாரின் அமைச்சர்களும் ஏறக்குறைய இதையே கேட்டார்கள். அறியாமல் நேர்ந்த பிழைக்கு நூல்களிலே கழுவாய் சொல்லப்பட்டிருக்கிறது, அதைச் செய்தால் போதும் என்றார்கள். அரசன் அதற்கு இணங்கவில்லை. வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்லத் துணியும் நான், என் மகனுக்கு மட்டும் கழுவாய் தேடினால் அது என்ன நீதி என்று கேட்டான். கழுவாயினால் தாய்ப்பசுவின் துயர் தீருமா என்றும் கேட்டான்.

இங்கே அரசன் மகனின் எண்ணத்தை அளக்கவில்லை. பசுவின் இழப்பை அளந்தான். அதைவிட முக்கியமாக, தன் கையிலிருந்த அளவுகோலைச் சோதித்தான். ஊரவனுக்கு ஓர் அளவுகோலும் தன் வீட்டுக்கு வேறோர் அளவுகோலும் இருக்கக்கூடாது என்பதே அவன் கவலை. அந்தத் தண்டனையை இன்று எவரும் ஏற்கமாட்டார். நானும் ஏற்கமாட்டேன். ஆயினும் அந்தக் கவலை என்றும் மதிக்கத்தக்கது.

இரு நூல்களும் முடிவிலே வேறுபடுகின்றன. பெரியபுராணத்தில் இறைவன் தோன்றுகிறான். கன்று எழுகிறது, மகன் எழுகிறான், தேரோட்ட மனமின்றித் தன்னுயிர் நீத்த அமைச்சனும் எழுகிறான். மகாவம்சத்தில் எவரும் எழுவதில்லை. இறந்தவர் இறந்தவரே. பக்திக் காப்பியம் தரும் ஆறுதலை வரலாறு தருவதில்லை.

மகாவம்சம் அதே அத்தியாயத்தில் எல்லாளனைப் பற்றி இன்னொரு நிகழ்ச்சியும் சொல்கிறது. நம்மிற் பலர் இதைக் கவனிப்பதில்லை. பிக்குமாரை அழைப்பதற்காகச் சேதிய மலைக்குச் சென்று திரும்பும்போது, அரசனின் தேர் நுகம் ஒரு தூபியிலே மோதி அது சிதைந்தது. இதுவும் அறியாமல் நேர்ந்த பிழைதான். அமைச்சர்கள் எடுத்துச் சொன்னதும் அரசன் தேரை விட்டு இறங்கினான். வழியிலே விழுந்து கிடந்து, "என் தலையையும் இந்தச் சில்லினால் அறுத்துவிடுங்கள்" என்ற பொருள்படச் சொன்னான். மகனுக்குப் பிடித்த அளவுகோலைத் தனக்கும் பிடித்தான்.

அமைச்சர்கள் மறுத்தார்கள். எங்கள் ஆசான் பிறரைத் துன்புறுத்துவதை விரும்பாதவர், தூபியைத் திருத்திக் கட்டி மன்னிப்புப் பெறுங்கள் என்றார்கள். பெயர்ந்து விழுந்தவை பதினைந்து கற்கள். அவற்றை மீள வைப்பதற்கு அரசன் 15,000 கஹாபணம் செலவிட்டான் என்கிறது நூல்.

ஒரே அரசன், ஒரே வகைப் பிழை, இரண்டு தீர்ப்புகள். முதலாவது தண்டிக்கும் நீதி; இரண்டாவது திருத்தும் நீதி. ஏன் இந்த வேறுபாடு? அரசன் என்பதால் சலுகை கிடைத்தது என்று யாரும் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது வேறு. கல் பெயர்ந்தால் திரும்ப வைக்கலாம். கன்றின் உயிரைத் திரும்ப வைக்க முடியாது. செயலின் விளைவுகள் இருவகைப்படும்: மீளத் திருத்தக் கூடியவை, திருத்தவே முடியாதவை. முதல் வகைக்கு மன்னிப்பும் செலவும் உழைப்பும் போதும். இரண்டாம் வகையின் முன்னே எந்த நீதியும் தடுமாறித்தான் நிற்கும். தன் மகனைக் கொன்ற பின்னும் அந்தப் பசுவுக்குக் கன்று கிடைக்கவில்லையே!

அடுத்து வருவது போர். துட்டகைமுனு தெற்கேயிருந்து படை நடத்தி வந்தான். விஜிதபுரத்தை நான்கு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்தான். எல்லாளனைத் தான் ஒருவனே எதிர்ப்பேன், வேறெவரும் கொல்லக்கூடாது என்று பறையறைவித்தான். அநுராதபுரத்தின் தென்வாயிலருகே இருவரும் யானைமீதிருந்து பொருதனர். எல்லாளன் வீழ்ந்தான். வென்றவன் ஊரவரையெல்லாம் கூட்டி, பகைவன் வீழ்ந்த இடத்திலேயே அவனுடலுக்குத் தகனக் கிரியை செய்வித்தான். அங்கே ஒரு சேதியம் எழுப்பி வழிபாட்டுக்கும் ஒழுங்கு செய்தான். தம் காலத்திலும் இலங்கை அரசர்கள் அவ்விடத்தை நெருங்கும்போது வாத்திய இசையை நிறுத்துகின்றனர் என்று மகாநாமர் எழுதுகிறார்.

வெற்றிக்குப் பின் ஓர் இரவு. அரண்மனையில் எல்லாச் செல்வமும் சூழ இருந்த துட்டகைமுனுவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. தன்னால் மாண்டவர்களின் பெருந்தொகை அவன் கண்முன் நின்றது. இதை உணர்ந்து பியங்குத் தீவிலிருந்து எண்மர் அருகதர் வந்து அவனுக்கு ஆறுதல் சொன்னார்கள். நீ கொன்றது உண்மையில் ஒன்றரை மனிதரைத்தான் என்பது அவர்கள் கணக்கு. ஒருவர் மும்மணிகளைச் சரணடைந்தவர். மற்றவர் ஐந்து சீலங்களை ஏற்றவர். இவ்விருவரும் சேர்ந்துதான் ஒன்றரை. எஞ்சியோர் தவறான கொள்கையினர், விலங்குகளுக்கு ஒப்பானவர், ஆதலால் அவர்களை எண்ணவேண்டியதில்லை என்றனர்.

நேயர்களே, இந்த இடத்தில் நூலைச் சற்று மூடி வைத்துவிட்டுச் சிந்திக்க வேண்டும். அதே நூலிலே, நான்கு அத்தியாயங்களுக்கு முன்னே, ஒரு பசு மனிதரைப் போல மணியடித்து நீதி பெற்றது. இங்கே மனிதர் விலங்குகளாய் எண்ணப்பட்டுக் கணக்கிலிருந்தே நீங்கினர். முன்னையது, வாயில்லாத உயிரின் இழப்பையும் இழப்பென்று ஏற்ற நீதி. பின்னையது, இழந்தவர்களைச் சிறிதாக்கி விளைவையும் சிறிதாக்கிய ஆறுதல். செயலை மாற்ற முடியாதபோது, அதனால் பாதிக்கப்பட்டவர்களின் தொகையை மாற்றிவிடுவது மனித மனத்துக்கு எளிதாக இருக்கிறது.

இதையடுத்து வருவது இன்னும் வியப்பானது. ஆறுதல் பெற்ற அரசன், சங்கத்தாருக்குக் கொடாமல் தான் மட்டும் உண்டது ஏதும் உண்டா என்று எண்ணிப் பார்க்கிறான். ஒரே ஒரு 'மரிச' நினைவுக்கு வருகிறது. பாளியில் மரிச என்றால் மிளகு. இன்றைய மிளகாய் இந்நாட்டுக்குப் போர்த்துக்கேயர் காலத்தில்தான் வந்தது. அந்த ஒரு மிளகுக்குக் கழுவாயாக எழுந்ததுதான் மிரிசவட்டி விகாரை என்பது மரபு. மிளகுப் பிழையைத் திருத்த முடிந்தது, திருத்தினான். போர்க்களத்தைத் திருத்த முடியவில்லை. அதற்கு ஒரு கணக்கு மட்டும் கிடைத்தது.

இதைச் சொல்வதால் பௌத்தத்தைக் குறைகூறுவதாக எவரும் கொள்ளவேண்டாம். எண்ணமே வினை என்று போதித்தவர் புத்தர் பெருமான். எல்லா உயிர்க்கும் அன்பு செய்யும்படி சொன்ன அவருடைய நெறிக்கும் ஒன்றரை மனிதர் கணக்குக்கும் உள்ள தூரத்தைப் பௌத்தர்களே நன்கறிவர். கணக்கைப் போட்டுத் தேற்றும் குரல் எந்தச் சமயத்திலும் எந்த இனத்திலும் எழக்கூடியது. நம் பக்கத்திலும் அது எழாமலில்லை.

மகாநாமரிடம் நான் கற்றுக்கொள்வது வேறொன்று. அருகதரின் ஆறுதலை எழுதியவர், அரசனின் துயிலற்ற இரவையும் அழித்துவிடாமல் எழுதினார். அந்த இரவில் துட்டகைமுனு யாரையும் இனம் பிரித்து எண்ணவில்லை. மாண்டவர் எல்லோரையும் சேர்த்தே எண்ணினான். அவனுடைய கட்டளைப்படி எழுந்த சேதியமும் பகைவனை மனிதனாகவே கருதியது. ஆகவே ஒரே போருக்கு மகாவம்சத்தில் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. ஒன்று அறிஞர் சொன்னது. மற்றது செய்தவனின் மனம் சொன்னது.

இவற்றுள் எது நிலைத்தது? 1840இல் வெளிவந்த 'இலங்கையில் பதினோராண்டுகள்' என்ற நூலிலே மேஜர் போர்ப்ஸ் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி ஒரு செய்தி கூறுகிறார். 1818ஆம் ஆண்டு, ஆங்கிலேயருக்கு எதிரான கண்டிக் கிளர்ச்சி அடக்கப்பட்ட வேளை, பிரதானிகளுள் ஒருவராகிய பிலிமத்தலாவை தப்பியோடிக்கொண்டிருந்தார். உடல் மிகத் தளர்ந்த நிலை. பல்லக்கிலே செல்கிறார். அநுராதபுரத்தை நெருங்கியதும் பல்லக்கை விட்டு இறங்கி நடக்கிறார். எல்லாளன் சமாதி எங்கே இருக்கிறது என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. அதனால் அதைக் கடந்து வெகுதூரம் வந்தாயிற்று என்று உறுதியாகும் வரை நடந்தே போகிறார். எல்லாளன் சமாதி என்று மக்கள் நெடுங்காலம் சொல்லிவந்த மேட்டைத் தட்சிண தூபி எனப் பிற்காலத் தொல்லியலார் இனங்கண்டனர். இடம் எதுவாயினும் பிலிமத்தலாவையின் நடையின் மதிப்புக் குறையாது. உயிருக்கு அஞ்சி ஓடும் ஒரு சிங்களப் பிரதானி, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு சோழனுக்காகப் பல்லக்கை விட்டு இறங்கினார். அவரை இறக்கியது துட்டகைமுனுவின் கட்டளை. ஒன்றரை மனிதர் கணக்கு அவரை இறக்கியிருக்காது.

நமது காலத்துப் போர் 2009ஆம் ஆண்டு முடிந்தது. மாண்டவர் எத்தனை பேர் என்ற வாதம் மட்டும் முடியவில்லை. ஒவ்வொரு தரப்பும் தன் இறந்தோரை முழு எண்ணாலும் மற்றோரைப் பின்னத்தாலும் எண்ணும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இடிந்த கட்டடங்களைத் திரும்பக் கட்டலாம். பதினைந்து கல்லென்றாலும் பதினைந்தாயிரம் கல்லென்றாலும் அது செலவுக் கணக்கு. போனவர்களைத் திரும்ப எழுப்பும் தேர் எந்தத் திருவாரூரிலும் இல்லை. அவர்களுக்காக நாம் செய்யக்கூடியது, ஒருவரையும் குறைக்காமல் எண்ணுவதுதான்.

என் வகுப்பு மாணவனின் கேள்விக்கு நான் சொல்லும் விடையும் இதுவே. தம்பி, அரசகுமாரனின் எண்ணத்தையும் பார்க்கத்தான் வேண்டும். அவனைக் கொன்றது கொடுமைதான். ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அந்தப் பசு மணியடிப்பதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். கேட்ட பிறகு, உன் வீட்டுக்கும் ஊருக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்க வேண்டும். அவ்வளவையும் செய்த பின் நாம் சொல்லும் தீர்ப்பு பிழைத்தாலும், அது நீதியைத் தேடியதாகவாவது இருக்கும்.