மாமையும் மாநிறமும்

நம்ம தாராபுரத்துக்கு விராடபுரம் என்று ஒரு பழைய பெயர் சொல்லுவார்கள். பாண்டவர்கள் அஞ்ஞாதவாசம் இருந்த ஊர் இதுதான் என்பது நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. இதே பெருமையை வடக்கே வேறு ஊர்களும் கோருகின்றன. அந்த வழக்கைத் தீர்ப்பது என் வேலையல்ல. கதையில் ஒரு சங்கதி மட்டும் பல வருஷமாக என் மனதில் நிற்கிறது. விராட மன்னன் அரண்மனையில் திரௌபதி செய்த வேலை என்ன? சைரந்திரி. அதாவது ராணி சுதேஷ்ணைக்குத் தலை வாரி, பூத் தொடுத்து, சந்தனம் அரைத்துப் பூசிவிடும் வேலைக்காரி. இன்றைய பேச்சில் பியூட்டி பார்லர்காரி.

அந்தத் திரௌபதியின் இன்னொரு பெயர் கிருஷ்ணை. கறுத்தவள் என்று பொருள். வேலை கேட்டு வந்தவளைப் பார்த்த ராணிக்கு முதலில் வந்தது பயம்தான். இவ்வளவு அழகானவளை வீட்டில் வைத்தால் ராஜா என்னை விட்டுவிட்டு இவள் பின்னால் போய்விடுவாரே என்று. கறுப்பு நிறத்துக்காரி அழகில் ராணியையே மிரட்டியது பாரதக் கதையில் யாருக்கும் வினோதமாகப் படவில்லை. இன்றைக்கு டி.வி.யில் மகாபாரதம் எடுத்தால் திரௌபதியாக யாரைப் போடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

போன மாதம் கோயமுத்தூரிலிருந்து வந்த என் மகள் ஒரு ஆங்கில நாவலைக் கொடுத்துவிட்டுப் போனாள். டோனி மாரிசன் எழுதிய ‘த புளூவஸ்ட் ஐ’. 1970-இல் வந்த புத்தகம். அமெரிக்கக் கறுப்பினத்தைச் சேர்ந்த மாரிசனுக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. இது அவருடைய முதல் நாவல். ஒஹையோ மாநிலத்தில் அவர் பிறந்த லொரெய்ன் என்ற ஊரிலேயே, 1940-41 வாக்கில் கதை நடக்கிறது. பெக்கோலா என்ற 11 வயதுக் கறுப்பினச் சிறுமிக்கு ஒரே ஒரு ஆசை: தன் கண் நீலமாக மாறிவிட வேண்டும். மாறிவிட்டால் அப்பா அம்மா சண்டை நின்றுவிடும், பள்ளியில் எல்லோரும் நல்லபடியாகப் பேசுவார்கள் என்று நம்புகிறாள். வீட்டிலும் வெளியிலும் அவளுக்கு நடப்பவை இந்தப் பக்கத்தில் எழுத முடியாத கொடுமைகள். கடைசியில் புத்தி பேதலித்து, கண் நீலமாகிவிட்டது என்றே நம்பிக்கொள்கிறாள்.

அதில் ஒரு இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். பெக்கோலா மூன்று காசை எடுத்துக்கொண்டு மிட்டாய் வாங்கப் போகிறாள். கடைக்கார வெள்ளைக்காரர் அவள் பக்கம் பார்க்கிறார், ஆனால் அவருக்கு அங்கே ஒரு பிள்ளை நிற்பதாகவே படவில்லை. காசை வாங்கும்போதும் அவள் கை மேலே படாமல் வாங்கப் பார்க்கிறார். மிட்டாய்க் காகிதத்தில் நீலக் கண்ணோடு ஒரு வெள்ளைச் சிறுமியின் படம். அந்த மிட்டாயைத் தின்றால் அந்தக் கண்ணையே தின்றதாக இவளுக்கு ஒரு சந்தோஷம். இந்தப் பிள்ளையை யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். மிட்டாய்க் காகிதமும் பால் குடிக்கும் கோப்பையில் இருந்த சினிமாக் குழந்தையின் படமுமே போதுமானதாக இருந்தன.

அது அமெரிக்கா, அங்கே அடிமை வியாபாரம் நடந்தது, நமக்கு அப்படியா என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. நாம் எல்லோருமே ஒரு வெயிலில் வெந்தவர்கள்தானே. நமக்கு எங்கிருந்து வந்தது இது?

நம் பழைய பாட்டுகளில் பெண்ணின் அழகான மேனி நிறத்துக்கு ஒரு சொல் உண்டு: மாமை. ‘மா’ என்றால் கருமை. மாயோன் என்று திருமாலைச் சொல்வதும் அதனால்தான். உரைகாரர்கள் மாமையை மாந்தளிரின் நிறம் என்று விளக்குவார்கள். தளிர் விடும் காலத்தில் மாமரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மினுமினுப்பு தெரியும். காதலன் பிரிந்து போனால் அந்த மாமை போய், மேனியில் ஒரு வெளுப்பு படரும். அதற்குப் பெயர் பசலை. குறுந்தொகை 27-ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் என்ற பெண் புலவர் இதைத்தான் சொல்கிறார். கன்றும் குடிக்காமல், பாத்திரத்திலும் விழாமல் நல்ல பசுவின் பால் மண்ணில் சிந்தி வீணானதுபோல, எனக்கும் உதவாமல் அவருக்கும் உதவாமல் என் மாமை அழகைப் பசலை தின்றுவிடப் பார்க்கிறதே என்று வருந்துகிறார். திருவள்ளுவர் 119-ஆம் அதிகாரம் முழுவதையும் இந்தப் பசலைக்கே கொடுத்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். கறுத்த மினுமினுப்பு அழகு, வெளுத்துப்போவது நோய். நம் பாட்டன் பாட்டிமார் கணக்கு அப்படி இருந்தது. இன்றைக்கு அந்த வெளுப்பை டியூபில் அடைத்துக் காசுக்கு விற்கிறார்கள்.

இது எப்போது தலைகீழானது என்று ஒரு தேதி சொல்ல முடியாது. வெயிலில் நிற்பவன் கறுக்கிறான், நிழலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவன் வெளுக்கிறான், அதனால் வெளுப்பு வசதிக்கு அடையாளம் என்பது ஒரு பழைய காரணம். சாதியோடு நிறத்தை முடிச்சுப் போட்டுப் பேசுவது இன்னொன்று. அது பேச்சுதான். அமராவதிப் பாசனத்தில் நெல் நட்டவர்களையும் வரப்பில் நின்று நடச் சொன்னவர்களையும் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வெள்ளைக்காரன் வந்தபிறகு இதற்கு சர்க்கார் முத்திரை விழுந்தது. சென்னைக் கோட்டைக்குள் இருந்தது வெள்ளையர் பட்டணம், வெளியே நம்மவர்கள் இருந்தது கறுப்பர் பட்டணம். வரைபடத்திலேயே பெயர் அப்படித்தான். 1906-இல்தான் அது ஜார்ஜ் டவுன் ஆனது. அதே சென்னையில் 1885-இல் அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், சாதி சாதியாக ஆட்களை நிறுத்தி மூக்கின் நீளம் அகலத்தைக் கருவி வைத்து அளந்தார். 1909-இல் ஏழு தொகுதியாக அவருடைய புத்தகம் வந்தது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அதைப் புரட்டுகிறார்கள். தகவல் நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல மனுஷனுக்கு மூக்குப் பார்த்த புத்தகம் அது.

மாடு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். காங்கேயம் மாட்டில் மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். ஒன்றுகூட வசவுச் சொல் இல்லை. கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதத்தில் மயிலையாக மாறும், அதையும் ரசித்துப் பேசுவோம். வீட்டில் பெண் பிறந்தால் மட்டும் காது மடலைத் திருப்பி, “வளர வளர நெறம் வந்துருங்க” என்று ஆறுதல் சொல்லிக்கொள்வோம். அதற்கும் முன்னால், வயிற்றில் இருக்கும்போதே குங்குமப்பூப் பால்.

எங்கள் தலைமுறையில் இது எப்படி வேலை செய்தது என்பதற்கு எங்கள் அக்காவே சாட்சி. 1970-களின் நடுவில் அவருக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்போது ஜாதகத்தோடு போட்டோவும் தபாலில் போகும். போட்டோ ஸ்டூடியோவில் நெகட்டிவில் பென்சிலால் ‘டச்சிங்’ செய்து கொடுப்பார்கள். அக்கா படத்தில் வெள்ளைவெளேர் என்று இருப்பார். அதைப் பார்த்துப் பெண் பார்க்க வருவார்கள், நேரில் பார்த்ததும் முகம் சுருங்கும். ஒரு அம்மா பஜ்ஜியைத் தின்றுவிட்டு எங்கள் அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “புள்ள களையாத்தானுங்க இருக்குது. நெறந்தான் ஒரு மாத்துக் கம்மிங்க.” தங்கத்தை உரைகல்லில் தேய்க்கிறவர்கள் பேசும் பாஷை. மாத்துக் குறைந்தால் பவுன் கூட்டிப் போடவேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். அம்மாவுக்குப் புரிந்தது. உள்ளே நின்றிருந்த அக்காவுக்கும் புரிந்தது. கடைசியில் நடந்த கல்யாணத்துக்கு, பேசியதற்கு மேல் எட்டுப் பவுன் போட்டார் எங்கள் அப்பா. அதற்காகப் போன கிணற்றுமேட்டு நிலம் திரும்பி வரவில்லை.

அக்காவின் அலமாரியில் ஆப்கன் ஸ்னோ, குட்டிக்கூரா பவுடர் எல்லாம் இருந்தன. 1975-இல் ஹிந்துஸ்தான் லீவர் ‘ஃபேர் அண்ட் லவ்லி’யைக் கொண்டுவந்தது. ஸ்னோவும் பவுடரும் பூசினால் ராத்திரி கழுவும்போது போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். இது அப்படியில்லை, நிறத்தையே மாற்றும் என்றது விளம்பரம். வித்தியாசம் அங்கேதான். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்றுப் பழகிய நம் தமிழ்நாட்டுக் கம்பெனி கெவின்கேர், 1998-இல் ‘ஃபேர்எவர்’ என்று ஒரு கிரீம் கொண்டுவந்தது. அதில் என்ன சேர்த்தார்கள் தெரியுமா? குங்குமப்பூவும் பாலும். கர்ப்பிணிக்குக் கொடுத்த பாலையே முகத்துக்குத் திருப்பிவிட்டார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள்.

சினிமாவைப் பற்றி நிறைய எழுதலாம், ஒன்று போதும். 1978-இல் ‘மரோ சரித்ரா’வில் பாலசந்தர் அறிமுகப்படுத்திய சரிதா, கறுத்த நிறமும் பெரிய கண்ணுமாக வந்து நடிப்பில் பலரைத் தூக்கிச் சாப்பிட்டவர். ‘தண்ணீர் தண்ணீர்’ பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பின்னாளில் அவர் நக்மா போன்ற நடிகைகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். வடக்கிலிருந்து வந்த சிவப்பு முகம் திரையில், பேசுவது இவருடைய குரல். தியேட்டரில் நாம் கைதட்டிய வசனங்களில் பாதி யாருடையது என்று நாம் கேட்டதில்லை.

இதெல்லாம் பெரியவர்கள் சமாசாரம், குழந்தைக்கு என்ன தெரியும் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி, குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான கறுப்பினக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே காட்டின. பள்ளியில் வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்து உட்காரவைப்பது செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோது இந்த ஆராய்ச்சியையும் குறிப்பிட்டது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். 2025 மார்ச்சில் அங்கே தலைமைச் செயலாளராக இருந்தவர் சாரதா முரளீதரன். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் அவருடைய கணவர். கணவரின் காலம் எவ்வளவு வெளுப்போ இந்த அம்மாவின் காலம் அவ்வளவு கறுப்பு என்று யாரோ ஒருவர் பேசினார். மாநிலத்தின் மிகப் பெரிய அதிகாரி அவர். அந்த இடத்திலும் நிறம் விடவில்லை. அவர் அதை மறைக்காமல் ஊரறிய எழுதினார். நாலு வயதில் தன் அம்மாவிடம், என்னைத் திரும்ப வயிற்றுக்குள் போட்டு வெள்ளையாக, அழகாக வெளியே எடுப்பாயா என்று கேட்டாராம். அதை எழுதும்போது அவர் பணி ஓய்வுக்கு ஒரு மாதம் பாக்கி.

லொரெய்னில் பெக்கோலா கேட்டதும் இதுதான். மாரிசனும் அந்தக் கதையைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. நீலக் கண் வேண்டும் என்று சின்ன வயதில் தன்னோடு படித்த ஒரு பெண் உண்மையாகவே சொன்னதிலிருந்துதான் நாவல் பிறந்தது என்று எழுதியிருக்கிறார்.

மாற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். சென்னையில் ‘விமன் ஆஃப் வொர்த்’ என்ற அமைப்பு 2009-இல் ‘கறுப்பும் அழகு’ என்ற கருத்தில் ஒரு பிரசாரம் தொடங்கியது. பின்னால் நடிகை நந்திதா தாஸும் அதில் சேர்ந்தார். கறுத்தவர்களை மட்டமாகக் காட்டி விளம்பரம் செய்யக்கூடாது என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2014-இல் விதி வகுத்தது. 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ் பிடியில் செத்தபிறகு உலகம் முழுக்க எழுந்த கொந்தளிப்பில், ‘ஃபேர் அண்ட் லவ்லி’ பெயரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றினார்கள். நம் பெரிய கடைவீதியில் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்.

அக்காவுக்கு இப்போது 70-க்கு மேல் ஆகிறது. போன வருஷம் பேத்திக்குக் குழந்தை பிறந்த தகவல் போனில் வந்தது. அக்கா முதலில் கேட்டது, தாயும் பிள்ளையும் சௌக்கியமா என்று. இரண்டாவதாகக் கேட்டது, “நெறம் எப்படி கண்ணு, அவங்கப்பனாட்டவா, நம்மளாட்டவா?”

நான் தபால் ஆபீசில் இருந்த காலத்தில் முதியோர் பென்ஷன் மணியார்டர் மாதாமாதம் வரும். எங்கள் பட்டியலில் மட்டும் கருப்பாத்தாள் என்ற பெயரில் ஆறு பேர் இருந்தார்கள், கருப்பாயி இரண்டு பேர். எது யாருடையது என்று குழம்பாமல் இருக்கக் கணவர் பெயரையும் தோட்டத்துப் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவோம். சாமி பெயர், பெருமையாக வைத்த பெயர். கூப்பிட்டதும் கையை நீட்டிக்கொண்டு வருவார்கள். ரேகை வைக்கும்போது பாட்டிக்குக் கை பிடித்துவிடக் கூடவே ஒரு பேத்தி வரும். பெயர் கேட்டால் பாதிக்குப் பாதி ஸ்வேதா என்று சொல்லும். சமஸ்கிருதத்தில் ஸ்வேதா என்றால் வெள்ளை.