மாத்தளையில் இரண்டு நாணயங்கள்: எகிப்திலிருந்து சீகிரியா வரை

காணி உரிமை தொடர்பான செய்தி ஒன்றுக்காக மாத்தளைக்குப் போயிருந்தேன். பேசி முடித்ததும், ஓய்வுபெற்ற ஆசிரியரான அந்த வீட்டுக்காரர் உள்ளே போய் இரண்டு பொருட்களை எடுத்து வந்து மேசையில் வைத்தார். ஒன்று, பிளாஸ்டிக் உறையில் இருந்த தடித்த நாணயம். இலண்டனில் இருக்கும் மருமகன் அங்குள்ள நாணய வியாபாரி ஒருவரிடம் வாங்கி, பற்றுச்சீட்டுடன் அனுப்பியது. மற்றது, பழைய தைல டப்பியில் பஞ்சு சுற்றி வைத்திருந்த, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய செப்புக் காசு.

"தம்பி, இது ரெண்டும் ஒரே எடத்துக் காசா?" என்று கேட்டார்.

செப்புக் காசை அவருடைய தந்தை 1960களில் தோட்டம் கொத்தும்போது கண்டெடுத்தாராம். 1983 ஜூலையில் குடும்பத்தின் கடை எரிந்த பிறகு மூத்த அக்கா வன்னிக்குப் போனார். டப்பியும் அவருடன் போனது. 2009 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது காணி உறுதி போனது, திருமணப் பதிவு போனது, பிள்ளைகளின் படங்கள் போயின. இடுப்பில் முடிந்திருந்த டப்பி மட்டும் அவருடன் முகாமுக்கு வந்து சேர்ந்தது. அக்கா இப்போது உயிருடன் இல்லை.

நான் நாணயவியலாளன் அல்ல. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வாசித்தும் விசாரித்தும் அறிந்ததை இங்கே தருகிறேன். பழைய காசு ஒன்றை வைத்திருப்பவர்களுக்கும், புலம்பெயர் நாடுகளில் நாணயம் சேர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

எகிப்துக்கு மட்டும் ஒரு பணம்

இலண்டனிலிருந்து வந்தது 'தெத்ராத்ராக்மா' எனப்படும் நான்கு திராக்மா நாணயம். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அடிக்கப்பட்டது. கி.மு. 30 இல் எகிப்து உரோமரின் மாகாணமானது. ஆனால் உரோமின் வெள்ளி நாணயமான தெனாரியஸ் அங்கே பொதுப் புழக்கத்துக்கு வரவில்லை. எகிப்துக்கென்று தனிப் பணம் தொடர்ந்தது. அதில் இருந்த எழுத்து கிரேக்கம். அந்தப் பணம் மாகாணத்துக்கு வெளியே செல்லுபடியாகாது. வெளியிலிருந்து வரும் வணிகர் தம் பணத்தை மாற்றியே உள்ளே வியாபாரம் செய்ய வேண்டும்.

பேரரசர் திபேரியஸ் காலத்தில், கி.பி. 20 அளவில், இந்த நான்கு திராக்மா நாணயத்தை உரோமர் மீண்டும் அடிக்கத் தொடங்கினர். வெள்ளியும் செம்பும் கலந்த உலோகம். காலம் போகப்போக வெள்ளி குறைந்து, மூன்றாம் நூற்றாண்டில் பார்வைக்குச் செம்பு போலவே ஆகிவிட்டது. நீரோ காலத்தில் அகலமாக, 13 கிராம் அளவில் இருந்தது, மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் 8 கிராம் அளவுக்குச் சுருங்கியது. கி.பி. 296 அளவில் பேரரசர் தியோக்கிளீசியன் செய்த சீர்திருத்தத்தோடு இந்தத் தனிப் பணம் முடிவுக்கு வந்தது.

ஆண்டைச் சொல்லும் காசு

சேகரிப்போர் அலெக்சாந்திரிய நாணயங்களை விரும்புவதற்கு முக்கியமான காரணம், பெரும்பாலானவற்றில் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதுதான். ஆங்கில 'எல்' எழுத்தைப் போன்ற ஒரு குறி 'ஆண்டு' என்பதைக் காட்டும். அதை அடுத்து வரும் கிரேக்க எழுத்து எண்ணைக் குறிக்கும். அல்பா என்றால் ஒன்று, பீட்டா என்றால் இரண்டு, காமா என்றால் மூன்று. அது அந்தப் பேரரசர் ஆட்சிக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்பதைச் சொல்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எகிப்தின் புத்தாண்டு ஓகஸ்ட் 29 இல் பிறக்கும். ஹேட்ரியன் பேரரசரானது கி.பி. 117 ஓகஸ்ட் 11 இல். ஆகவே எகிப்தியக் கணக்கில் அவருடைய முதலாம் ஆண்டு மூன்று வாரம்கூட இல்லை. ஓகஸ்ட் 29 இல் இரண்டாம் ஆண்டு பிறந்துவிட்டது.

ஆசிரியரின் நாணயத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். முன்பக்கம் பேரரசர் புரோபஸின் தலை. பின்பக்கம் அலகில் மாலை ஏந்திய கழுகு. பக்கத்தில் ஆண்டுக் குறியும் முக்கோண வடிவ டெல்ட்டாவும். அதாவது நான்காம் ஆண்டு. புரோபஸ் ஆட்சிக்கு வந்தது கி.பி. 276 இன் கோடையில். அப்படியானால் இது 278 ஓகஸ்டுக்கும் 279 ஓகஸ்டுக்கும் இடையில் அடிக்கப்பட்டது. ஆயிரத்து எழுநூறு ஆண்டுக்கு முந்தைய காசின் வயதை மேசையிலிருந்தபடியே ஓர் ஆண்டுக்குள் அடக்க முடிந்ததில் ஆசிரியருக்குப் பெரிய மகிழ்ச்சி.

கழுகைத் தவிர நைல் நதித் தெய்வம், சராப்பிஸ், இசிஸ், அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கம் என்று பின்பக்க உருவங்கள் பல. அடையாளம் காண இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'உரோம மாகாண நாணயங்கள்' தொகுப்பு உதவும். அதன் முதல் அச்சுத் தொகுதி 1992 இல் வந்தது. அதற்கு முன் சேகரிப்போர் நம்பியிருந்தவை கெய்ரோவில் வாழ்ந்த இத்தாலியர் ஜியோவன்னி தத்தாரி 1901 இல் வெளியிட்ட பட்டியலும், மில்ன் 1933 இல் வெளியிட்ட ஒக்ஸ்ஃபோர்ட் அஷ்மோலியன் அருங்காட்சியகப் பட்டியலும்தான்.

இங்கே வந்து சேர்ந்தவை

எகிப்தின் தனிப் பணம் எல்லை தாண்டாது என்றால், நம் பக்கம் எந்தக் காசு வந்தது?

தமிழகத்துக்கும் இந்தத் தீவுக்கும் வந்த கப்பல்கள் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான பெரனிகே, மியோஸ் ஓர்மோஸ் ஆகியவற்றிலிருந்தே புறப்பட்டன. பெரனிகேயில் 'கொற்பூமான்' என்ற பெயர் தமிழ் பிராமியில் எழுதப்பட்ட பானை ஓடு கிடைத்திருக்கிறது. மியோஸ் ஓர்மோஸ் இருந்த குசைர் அல் கதீமில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள் கிடைத்தன. நம்மவர் அங்கே போயிருக்கிறார்கள். அங்கிருந்து வந்தவர்கள் மிளகுக்கும் முத்துக்கும் கொடுத்தது பேரரசின் பொன்னும் வெள்ளியும். 1898 இல் புதுக்கோட்டையில் கிடைத்த புதையலில் மட்டும் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன.

இலங்கையைப் பற்றி உரோம எழுத்தாளர் பிளினி ஒரு கதை சொல்கிறார். அன்னியஸ் பிளோக்கமஸ் என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவர், காற்றில் அடிபட்டு இத்தீவில் கரை ஒதுங்கினார். அவரிடமிருந்த தெனாரியஸ் காசுகளில் வெவ்வேறு அரசர்களின் தலைகள் இருந்தும் எடை ஒன்றாகவே இருப்பதைக் கண்டு இங்கிருந்த மன்னன் வியந்தான். உரோமர் நேர்மையானவர்கள் என்று நம்பி நான்கு தூதர்களை அனுப்பினான். கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே பிளோக்கமஸின் ஆள் ஒருவர் கி.பி. 6 இல் பெரனிகேக்குப் போகும் பாலைவனப் பாதையில் பாறையில் தன் பெயரைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனால் மண்ணிலிருந்து வந்த சான்று வேறு மாதிரி இருக்கிறது. இலங்கையில் முதலாம் நூற்றாண்டு வெள்ளிக் காசுகள் அரிது. இங்கே கிடைத்த உரோமக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறிய செப்புக் காசுகள். தியோக்கிளீசியனுக்குப் பிறகு அலெக்சாந்திரிய அச்சகமும் பேரரசு முழுவதற்கும் பொதுவான காசையே அடித்தது. இங்கு வந்தவற்றில் பெரும்பாலானவை அலெக்சாந்திரியா உட்படக் கிழக்குப் பகுதி அச்சகங்களின் வகையைச் சேர்ந்தவை.

சீகிரியாவின் புதையல்

சீகிரியா மாத்தளை மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை. அங்கே தொல்லியல் ஆணையாளர் பெல்லின் கீழ் பணியாற்றிய ஜோன் ஸ்டில், இலங்கையில் கிடைத்த உரோமக் காசுகள் பற்றி 1907 இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் சீகிரியாவில் கிடைத்த, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு செப்புக் காசுகள் கொண்ட புதையல் ஒன்றும் அடங்கும். காசியப்பன் சீகிரியாவிலிருந்து ஆண்டது கி.பி. 477 முதல் 495 வரை.

இந்தத் தேய்ந்த காசுகள் ஏன் இவ்வளவு வந்தன என்பதில் ஆய்வாளர்களுக்கு ஒருமித்த கருத்தில்லை. நேராகக் கடல் வழியே வந்தன என்பார் சிலர். தென்னிந்தியா வழியாக வந்தன என்பார் சிலர். அங்கும் கரூர், மதுரை, திருக்கோவிலூர் ஆகிய இடங்களில் இதே வகைக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அவை பற்றி நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி தனி நூலே எழுதினார். சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்க்க உள்ளூரிலேயே போலச் செய்த காசுகளும் இலங்கையில் ஏராளம். வடக்கில் கந்தரோடையிலும் உரோமக் காசுகள் கிடைத்ததை போல் பீரிஸ் நூறாண்டுக்கு முன்பே பதிவு செய்தார்.

இவற்றையெல்லாம் சொல்ல முடிவது எப்படி? எந்தக் காசு எந்த ஊரில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்று யாரோ எழுதி வைத்ததால். ஒரு தேய்ந்த செப்புக் காசுக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. அது கிடந்த இடம்தான் அதன் பெறுமதி. மாந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 1980 இல் தொடங்கிய பெரிய அகழ்வாய்வு போரால் 1984 இல் நின்றது. முழு அறிக்கை நூலாக வர 2013 வரை ஆனது. பதிவு இருந்ததால் அவ்வளவு காலத்துக்குப் பிறகும் எழுத முடிந்தது.

சேர்ப்பவர்களும் கண்டெடுப்பவர்களும்

வெளிநாட்டில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எகிப்தின் 1983 ஆம் ஆண்டு 117 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொல்பொருட்கள் அந்நாட்டிலிருந்து வெளியேற முடியாது. எனவே அதற்கு முன்பே அங்கிருந்து வெளியேறியது என்பதைக் காட்டும் பழைய ஏலப் பட்டியலையோ பற்றுச்சீட்டையோ கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். வாங்கியபின் அந்தக் காகிதத்தை நாணயத்தோடு சேர்த்தே வையுங்கள். மண் ஒட்டிய காசுகளை மொத்தமாக விற்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. எங்கோ ஒரு தொல்லியல் இடத்தை இரவில் தோண்டித்தான் அந்த மண் வந்திருக்கும்.

இலங்கையில் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருட்களாகக் கொள்கிறது. மண்ணுக்குள் இருப்பவை அரசுக்குரியவை. உங்கள் சொந்தக் காணியில் கிடைத்தாலும் அதே நிலைதான். கண்டெடுத்தவர் உடனே அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இன்றி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1998 ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

சட்டத்தை எழுதுவது எளிது. எங்கள் வாசகர்களுக்குத் தொல்லியல் என்ற சொல் எப்படிக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். குருந்தூர்மலை நினைவுக்கு வரும். 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென்று அமைக்கப்பட்டபோது தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இல்லாதிருந்த ஜனாதிபதி செயலணி நினைவுக்கு வரும். ஒரு கல் கண்டெடுக்கப்பட்டால் அடுத்து வேலி வரும் என்ற பயம் கற்பனையல்ல. அந்தப் பயத்தால் பலர் கிடைத்ததை மறைக்கிறார்கள், அல்லது வழியில் வரும் வியாபாரிக்கு விற்றுவிடுகிறார்கள். அப்படிப் போகும் ஒவ்வொரு காசோடும் நாம் இங்கே வாழ்ந்து வணிகம் செய்ததற்கான சான்றும் போகிறது. காணி உறுதியைத் தொலைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

துண்டுக் காகிதம்

ஆசிரியரிடமும் ஒரு வியாபாரி வந்து விலை பேசியிருக்கிறார். இவர் கொடுக்கவில்லை.

"சேர், அப்பா இதை எங்க எடுத்தார்?"

"அக்காவுக்குத்தான் சரியாத் தெரியும். நாலந்தா தாண்டி, தம்புள்ளைக்குப் போற பக்கம். வெங்காயத் தோட்டம்னு சொல்வாங்க."

முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசும்படியும், பிறகு பல்கலைக்கழகத் தொல்லியல் துறை ஒன்றின் வழியாகத் திணைக்களத்துக்குத் தெரிவிக்கலாமா என்று விசாரிக்கும்படியும் சொன்னேன். காசைத் தேய்த்துக் கழுவ வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அக்கா அவ்வளவு தூரம் இடுப்புல கட்டிக் கொண்டாந்தத, நான் போய் ஒரு மேசையில வச்சிட்டு வரணும். வச்சா, எங்கேருந்து வந்துச்சுன்னு பொலிஸ் என்னைத்தானே கேக்கும், தம்பி?"

"கேட்கலாம் சேர். அதனால்தான் முதலில் சட்டத்தரணி."

அவர் ஒரு தாளைக் கிழித்து எழுதினார். யார் எடுத்தது, ஏறக்குறைய எந்த ஆண்டு, எந்த ஊர்ப் பக்கம், என்ன வேலை செய்தபோது, அதன்பின் யார் யார் கையில் இருந்தது. அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் கிளிநொச்சி என்றும், முகாமின் பெயரையும் எழுதினார். எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்ற வரியை வெறுமையாக விட்டார்.

காசு இரண்டும் ஒரே இடத்தவையா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். பெரியது அலெக்சாந்திரியாவில் அடிக்கப்பட்டது. எகிப்தில் எந்த ஊரில் கிடைத்தது என்பதைப் பற்றுச்சீட்டு சொல்லவில்லை. சின்னது எங்கே அடிக்கப்பட்டது என்பதை ஒரு நிபுணர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளூரில் போலச் செய்ததாகவும் இருக்கலாம். ஆனால் அது மாத்தளை மண்ணில் கிடைத்தது என்பது இப்போது ஒரு தாளிலாவது இருக்கிறது. தாளை நான்காக மடித்து, பஞ்சுக்கு மேல் வைத்து, டப்பியை மூடினார்.