உருவப்பட வில்லையின் வரலாறு: தூரமானிக் கமராக்களை முன்வைத்து ஒரு நோக்கு

பழைய தூரமானிக் கமரா ஒன்றுக்கு உருவப்பட வில்லை தேட முற்படும் ஒருவர்முன் மூன்று நாடுகளின் பெயர்கள் வந்து நிற்கின்றன: ஜேர்மனி, சோவியத் ஒன்றியம், யப்பான். ஜேர்மன் வில்லையே மூலம், சோவியத் வில்லை அதன் மலிவான நகல், யப்பானிய வில்லை அதன் திறமையான நகல் என்று மதிப்பிடும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. விலையும் பெரும்பாலும் இவ்வரிசையிலேயே அமைகின்றது. இம்மதிப்பீடு வரலாற்றோடு எவ்வளவு தூரம் பொருந்துகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உருவப்படத்துக்கெனத் தனியான வில்லை வேண்டும் என்ற எண்ணம் புகைப்படக்கலையின் வயதையே ஒத்தது. 1839 இல் டாகெயரின் முறை பாரிசில் வெளியிடப்பட்டபோது அக்காலத்து வில்லைகள் மிகக் குறைந்த ஒளியையே உட்செலுத்தின. கட்டடங்கள் அசையாது நின்றன. மனிதரோ பல நிமிடங்கள் அசையாதிருத்தல் அரிதாயிற்று. இக்குறையைத் தீர்த்தவர் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராயிருந்த யோசெப் பெற்ஸ்வால் ஆவார். ஆஸ்திரியப் படையின் பீரங்கிப் பிரிவில் கணக்கீட்டிற் பயிற்சி பெற்றிருந்தோரின் துணையுடன் அவர் 1840 இல் வகுத்த வில்லையின் துவார எண் 3.6. முன்னைய வில்லைகளை விடப் பதினைந்து மடங்குக்கு மேற்பட்ட ஒளியை அது உட்செலுத்தியது. வொய்க்லாண்டர் நிறுவனம் அதனை உருவாக்கி விற்பனை செய்தது. உருவப்பட நிலையங்கள் ஒரு தொழிலாக வளர்வதற்கு இவ்வில்லை வழிவகுத்தது. படத்தின் நடுப்பகுதி தெளிவாகவும் ஓரங்கள் மங்கியும் அமைந்தமை அதன் குறைபாடே எனினும், முகத்தைத் தனித்துக் காட்டும் பண்பாக அது போற்றப்பட்டது. குறையெனப்படுவது எது, குணமெனப்படுவது எது என்ற வினா உருவப்பட வில்லையுடன் அன்றே பிறந்துவிட்டது எனலாம்.

சிறிய கமராவின் வருகை இவ்வினாவைப் புதிய தளத்துக்குக் கொண்டுசென்றது. ஒஸ்கார் பார்னாக் வடிவமைத்த லைக்கா 1925 இல் விற்பனைக்கு வந்தது. 1932 இல் வெளிவந்த இரண்டாம் லைக்காவிலும், அதே ஆண்டில் சைஸ் இக்கோன் நிறுவனம் வெளியிட்ட கொன்ராக்ஸிலும் தூரமானி வில்லையுடன் இணைக்கப்பட்டது. கமராவின் முகப்பிலுள்ள இரு சாளரங்களினூடாக ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். வில்லையைத் திருப்ப அவ்விரு தோற்றங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். பொருந்திய இடமே குவியம். முக்கோணவியலின் எளிய விதியொன்று கையடக்கக் கருவியாக மாறியமை இங்கு நோக்கற்பாலது.

இக்கமராக்களில் உருவப்படத்துக்கு 85 முதல் 90 மில்லிமீற்றர் வரையான குவியத்தூரம் பொருத்தமானதெனக் கொள்ளப்பட்டது. முகத்தின் அளவுப்பொருத்தம் வில்லையால் அன்றி, படமெடுப்பவர் நிற்கும் தூரத்தினாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. மிக அருகிற் சென்றால் மூக்குப் பெருத்தும் காது சிறுத்தும் தோன்றும். ஒன்றரை மீற்றர் அளவிற் பின்வாங்கின் முகம் இயல்பாக அமையும். அத்தூரத்திலிருந்து படச்சட்டத்தை முகத்தால் நிரப்புவதற்கே நீண்ட குவியத்தூரம் வேண்டப்படுகின்றது. ஆயின் துவார எண் 2 இல் அத்தூரத்திற் கிடைக்கும் தெளிவின் ஆழம் ஏறத்தாழ மூன்று நான்கு சென்ரிமீற்றர் மட்டுமே. கண் தெளிந்திருக்கக் காது மங்கிவிடும். தூரமானி சிறிது பிழைத்தாலும் கண்ணே மங்கிவிடும்.

இத்தேவைக்கு ஜேர்மனியில் இருவேறு விடைகள் தோன்றின. முதலாவது, லைற்ஸ் நிறுவனத்தின் மக்ஸ் பெரெக் வகுத்து 1935 இல் வெளிவந்த தம்பார். 90 மில்லிமீற்றர் குவியத்தூரமும் 2.2 என்ற துவார எண்ணும் கொண்ட இவ்வில்லையில் கோளப் பிறழ்ச்சி வேண்டுமென்றே முற்றாகத் திருத்தப்படவில்லை. வில்லையின் ஓரத்தால் நுழையும் கதிர்களும் நடுவால் நுழையும் கதிர்களும் ஒரே இடத்திற் குவியாமையால், தெளிந்த உருவின்மேல் மெல்லிய ஒளிப்படலம் ஒன்று படியும். நடுவில் ஒரு புள்ளி பதித்த கண்ணாடித் தகட்டை முன்னே பொருத்தினால் இவ்விளைவு மிகும். துவாரத்தைச் சுருக்கினால் மறையும். மூவாயிரத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்ட இவ்வில்லை பிற்காலத்திற் சேகரிப்போரின் பொருளாயிற்று. 2017 இல் லைக்கா நிறுவனம் இதனை மீண்டும் வெளியிட்டது.

இரண்டாவது விடை லுட்விக் பெர்ட்டெலே என்பவருடையது. டிரெஸ்டனில் எர்னமான் நிறுவனத்தில் பணியாற்றியபோது அவர் வகுத்த எர்னொஸ்டார் வில்லை, 1924 இல் வெளிவந்த எர்மனொக்ஸ் கமராவிற் பொருத்தப்பட்டது. மின்பொறி விளக்கின்றி உள்ளரங்கிற் படமெடுத்தல் அதனாற் சாத்தியமாயிற்று. மாநாட்டு மண்டபங்களில் அரசியல்வாதிகளை அவர்கள் அறியாத கணத்திற் படம்பிடித்துப் புகழ்பெற்ற எரிக் சலொமன் பயன்படுத்தியது இக்கமராவையே. யூதராகிய சலொமன் 1944 இல் அவுஷ்விற்ஸ் முகாமிற் கொல்லப்பட்டார். அதிகாரத்தின் முகத்தை அருகிருந்து நோக்கிய கலைஞனை அதே நாட்டின் அதிகாரம் அழித்தொழித்தது.

எர்னமான் நிறுவனம் 1926 இல் சைஸ் இக்கோனுடன் இணைந்தது. பெர்ட்டெலே தமது வடிவமைப்பை மேலும் வளர்த்துச் சொன்னார் வில்லைகளை உருவாக்கினார். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு தெறித்து வீணாகும். அத்தெறிப்பு படத்தையும் வெளிறச் செய்யும். தெறிப்பைத் தடுக்கும் மேற்பூச்சு அப்போது வழக்கில் இல்லை. எனவே பெர்ட்டெலே கண்ணாடித் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி அத்தகைய பரப்புகளை ஆறாகக் குறைத்தார். 85 மில்லிமீற்றர் சொன்னாரின் துவார எண் 2. திறந்த துவாரத்தில் மென்மையும், சுருக்கிய துவாரத்திற் கூர்மையும் அதன் இயல்புகளாயின.

இவ்வடிவமைப்பு நாடு கடந்தமைக்குப் போரே காரணமாயிற்று. 1945 ஏப்ரிலில் ஜெனா நகரைக் கைப்பற்றிய அமெரிக்கப் படையினர், அவ்வாண்டு யூலையிற் சோவியத் படையினரிடம் நகரைக் கையளிக்குமுன் சைஸ் நிறுவனத்தின் முதன்மை விஞ்ஞானிகளை மேற்கே கொண்டுசென்றனர். பின்னர் சோவியத் ஒன்றியம் போரிழப்பீடாக இயந்திரங்களையும் உதிரிப்பாகங்களையும் தொழில்நுட்பவியலாளரையும் பெற்றுக்கொண்டது. கொன்ராக்ஸ் கமரா 1947 முதல் உக்ரேனிலுள்ள கீவ் நகரில் அந்நகரின் பெயராலேயே உற்பத்தியாயிற்று. 85 மில்லிமீற்றர் சொன்னார், சோவியத் கண்ணாடிக்கேற்ப மறுகணக்கிடப்பட்டு யூப்பிற்றர் 9 என்னும் பெயரைப் பெற்றது. அதன் துவாரத்தை அமைக்கும் பதினைந்து தகடுகள் எந்நிலையிலும் வட்டவடிவை விடுவதில்லை. பின்னணியின் ஒளிப்புள்ளிகள் மென்மையாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதனை நகல் என்பதிலும், அதே குடும்பத்தின் மற்றொரு கிளை என்பதே பொருந்தும்.

யப்பானின் கதை வேறுபட்டது. 1917 இல் நிறுவப்பட்ட நிப்பொன் கொகாகு நிறுவனம் 1921 இல் எட்டு ஜேர்மன் பொறியியலாளரை வரவழைத்துத் தனது அறிவை வளர்த்துக்கொண்டது. போர்க்கருவிகளுக்கான ஒளியியற் சாதனங்களைச் செய்துவந்த அந்நிறுவனம் 1945 இன் தோல்விக்குப் பின் கமராவை நோக்கித் திரும்பியது. சொன்னார் வகையைச் சார்ந்த அதன் 8.5 சென்ரிமீற்றர் நிக்கோர் வில்லையின் துவார எண்ணும் 2 ஆகும். 1950 இல் ரோக்கியோவில் யூன் மிக்கி என்னும் புகைப்படக் கலைஞர் இவ்வில்லையைக் கொண்டு லைஃப் சஞ்சிகையின் டேவிட் டக்ளஸ் டங்கனைப் படமெடுத்தார். அப்படத்தின் தெளிவைக் கண்டு வியந்த டங்கன் நிறுவனத்துக்கே சென்று வில்லைகளைச் சோதித்தார். அவ்வாண்டு யூன் 25 இல் மூண்ட கொரியப் போரை அவர் லைக்கா கமராக்களிற் பொருத்திய நிக்கோர் வில்லைகளைக் கொண்டே படமாக்கினார். டிசெம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் இவ்வில்லைகளைப் பற்றி எழுதியது. யப்பானியப் பொருள் என்றால் போலிப்பொருள் என்னும் கருத்து தளர்வதற்கு ஓர் உருவப்பட வில்லை வழிதிறந்தமை குறிப்பிடத்தக்கது.

ஆகவே இன்று தெரிவுசெய்பவர் நாட்டின் பெயரிலும் வேறு சிலவற்றையே முதலில் நோக்குதல் தகும். முதலாவது, பொருத்துமுறை. நிக்கோன் தூரமானிக் கமராக்கள் கொன்ராக்ஸின் பொருத்துவாயையே ஒத்திருப்பினும் குவியத் திருப்பத்தின் அளவு சிறிது வேறுபடும். பரந்த கோண வில்லைகளில் இவ்வேறுபாடு புலப்படாது. 85 மில்லிமீற்றரில் திறந்த துவாரத்தில் கண்ணுக்குப் பதிலாகக் காது தெளியும். யூப்பிற்றரை லைக்காவிற் பொருத்துவோரும் படச்சுருளில் முதலிற் சோதித்தறிதல் அவசியம். இரண்டாவது, வில்லையின் நிலை. சொன்னார் வகையில் ஒட்டுப்பிசின் விட்டிருத்தல், உள்ளே புகார் படிந்திருத்தல், துவாரத் தகடுகளில் எண்ணெய் கசிந்திருத்தல் ஆகியவற்றை விளக்கொளியிற் பார்த்தறியலாம். மூன்றாவது, காட்சிச் சாளரம். பழைய லைக்கா, கீவ் கமராக்களின் சாளரம் 50 மில்லிமீற்றருக்கே உரியதாகையால் மேலே பொருத்தும் துணைச்சாளரம் வேண்டும். 1931 முதல் பெருந்தொகையாக வெளிவந்த 90 மில்லிமீற்றர் எல்மாரின் துவார எண் 4 மட்டுமே எனினும், குவியப் பிழையைப் பொறுக்கும் அதன் இயல்பு பயில்வோருக்கு ஏற்றது.

இறுதியாக எஞ்சுவது, எத்தகைய முகத்தை வேண்டுகின்றோம் என்னும் வினாவே. தம்பார் முகத்தை ஒளியிற் கரைக்கின்றது. சொன்னார் குடும்பம் கண்ணைத் தெளிவித்து ஏனையவற்றை மென்மையாக்குகின்றது. இவற்றுள் எதை விரும்புவது என்பது கலை நோக்கைச் சார்ந்தது. ஆனால் எது மூலம், எது போலி என்பதற்கு வரலாறு தரும் விடை தெளிவானது. டிரெஸ்டனில் ஒருவரின் கணக்கீட்டிற் பிறந்த ஓர் அறிவு, தோற்ற நாடுகளினதும் வென்ற நாட்டினதும் தொழிலாளர் கைகளால் மூன்று பெயர்களில் வளர்க்கப்பட்டது. வில்லையின் விளிம்பிற் பொறிக்கப்பட்ட பெயர் அது செய்யப்பட்ட தொழிற்சாலையை மட்டுமே கூறும். அதனுள் அடங்கிய அறிவு எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமையானதன்று.