வெங்காயப் பட்டறை

வெங்காயப் பட்டறை என்பது அறுவடை செய்து உலர்த்திய சின்ன வெங்காயத்தை இருப்பு வைப்பதற்காக, தோட்டத்திலோ களத்தின் ஓரத்திலோ மரக்கழி, மூங்கில், ஓலை ஆகியவற்றைக் கொண்டு அமைக்கப்படும் குறுகிய கொட்டகை ஆகும். தமிழ்நாட்டில் பழனி மலையடிவாரத்தில் உள்ள கன்னிவாடி உள்ளிட்ட திண்டுக்கல் மாவட்டப் பகுதிகளிலும், சின்ன வெங்காயம் பயிராகும் பிற மாவட்டங்களிலும் இது வழக்கில் உள்ளது. விலை ஏறும்வரை காத்திருக்கவும், அடுத்த நடவுக்கு விதை வெங்காயத்தைக் காக்கவும் உழவர்கள் இதனைப் பயன்படுத்துகின்றனர். சின்ன வெங்காயம் பெரும்பாலும் காயையே நட்டுப் பயிரிடப்படுவதால், பட்டறை கெட்டால் விற்பனையுடன் அடுத்த போக விதையும் பாதிக்கப்படும்.

ஈரம் ஏறும் முறை

பட்டறையின் கூரையைவிட அதன் அடித்தளமே கூடுதல் கவனம் வேண்டுவது. மண்ணில் உள்ள நீர் இரு வழிகளில் மேலேறுகிறது. ஒன்று நுண்புழை ஏற்றம். துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும்: 1 மி.மீ. ஆரமுள்ள குழாயில் சுமார் 1.5 செ.மீ., 0.1 மி.மீ. ஆரத்தில் சுமார் 15 செ.மீ. ஆகவே களிமண்ணில் நீர் உயரமாக ஏறும். பெரிய ஜல்லியில் ஏறக்குறைய ஏறாது. மற்றொன்று, ஈர மண்ணிலிருந்து ஆவியாகி மேலெழும் நீர். இதனை ஜல்லி தடுக்காது.

மரத்தின் ஈரப்பதம் தொடர்ந்து 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பூஞ்சை பற்றி உளுக்கத் தொடங்கும். வெங்காயமோ அதற்கு முன்பே முளைவிடும் அல்லது அழுகும். சாதாரண வெப்பநிலைச் சேமிப்பில் 25 முதல் 30 பாகை செல்சியசும் 65 முதல் 70 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் ஏற்றவை எனக் கருதப்படுகின்றன.

அடித்தளம் அமைத்தல்

நீர் தேங்காத மேட்டு நிலம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. நீளப்பக்கம் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக அமைந்தால், குறுகிய அகலத்தைக் காற்று எளிதில் கடக்கும். மேல்மண்ணையும் வேர்களையும் நீக்கி, சரளையோ உடைகல்லோ பரப்பித் திமிசுக் கட்டையால் இடித்து, வெளிப்புறமாகச் சரிவு கொடுக்க வேண்டும். செம்மண்ணில் இது எளிது. கரிசல் மண் நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும்; அங்கே மேல்மண்ணைக் கூடுதல் ஆழத்துக்கு அகற்றிச் சரளையால் நிரப்பாவிட்டால் கற்கள் மட்டம் மாறிக் கொட்டகை சாயும்.

அடுத்து, வரிசையாகக் கருங்கற்களை நிறுத்தி, அவற்றின் மேல் மரக்கழிகளைக் குறுக்கே கிடத்தி, மூங்கில் தட்டி பரப்பப்படுகிறது. தட்டி தரையிலிருந்து 45 முதல் 60 செ.மீ. உயரத்தில் இருப்பது நன்று. எல்லாக் கற்களின் தலையும் ஒரே மட்டத்தில் உள்ளதா என்பதை நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைக் கொண்டே சரிபார்க்கலாம். கல்லுக்கும் கழிக்கும் இடையே ஒரு துண்டு தார்த்தாள் வைப்பது மலிவான, ஆனால் பலரும் விட்டுவிடும் காப்பு.

ஆவியைத் தடுக்க, தட்டிக்குக் கீழே தரையின் மீது 250 மைக்ரான் பாலித்தீன் தாள் விரிக்கலாம். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். தாளும் சரிவாக இருக்க வேண்டும். இல்லையெனில் சாரல் நீர் அதன் மேலேயே தேங்கி, தாள் இல்லாததைவிடக் கேடு விளைவிக்கும்.

வழக்கமான பிழைகள்

தூண்களை நேரடியாகக் கற்காரையில் புதைப்பது உறுதியானது போலத் தோன்றினும், மரம் சுருங்கியபின் உண்டாகும் இடைவெளியில் மழைநீர் இறங்கி வெளியேற வழியின்றி நிற்கிறது. தூண் முதலில் உளுப்பது அவ்விடத்திலேயே. கல்லின் மீது தூணை நிறுத்துவது பழைய முறையாயினும் மேலானது. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும் கற்பீடங்களின் மேலேயே நிற்கின்றன.

கூரையைவிட அகலமான தளமும் தவறு. இறவாரத்து நீர் அதில் விழுந்து தெறித்து உள்ளே வரும். கற்கள் கரையானைத் தடுத்துவிடுவதில்லை. கல்லின் மீது அது மண்குழாய் கட்டி ஏறும். ஆனால் அக்குழாய் கண்ணுக்குத் தெரிவதால் உடைத்துவிட முடியும். கட்டுமானத்துக்கு முன் மண்ணை மருந்திடும் முறை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 6313-இன் இரண்டாம் பகுதியில் உள்ளது. உணவுப்பொருள் வைக்கும் கொட்டகையில் அதனை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், அதற்கு முன்பே பக்கவாட்டு ஓலைகளையும் சுற்றியுள்ள வடிகாலையும் சீர்செய்வது வழக்கம்.