சுலோசன முதலியார் பாலம்

சுலோசன முதலியார் பாலம் திருநெல்வேலியில் தாமிரபரணியின் குறுக்கே 1843-இல் கட்டி முடிக்கப்பட்ட சாலைப் பாலமாகும். கொக்கிரகுளத்தில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டி உள்ளது. ஊரார் இதை ஆத்துப்பாலம் என்றும் சொல்வர்.

தாமிரபரணி கப்பல் ஓடும் ஆறு அன்று. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பொதிகை மலையில் பெறுவதால் ஆண்டின் பெரும்பகுதியும் நீர் ஓடும். மேற்கே நெல்லையப்பர் கோயிலும் கடைவீதியும். கிழக்கே ஆங்கிலப் படை தங்கிய பாளையங்கோட்டை. பாலம் வரும் முன் இவ்விரு ஊர்களுக்கிடையே செல்ல ஓடம்தான் துணை. வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. ஓடத்துறையில் இடம்பிடிக்க நெரிசலும் அடிதடியும் நடந்ததாகச் செவிவழிச் செய்திகள் உண்டு.

அப்போது ஆட்சியராக இருந்தவர் ஈ. பி. தாம்சன். பாலத்தை வடிவமைத்தவர் பொறியாளர் ஹார்ஸ்லி. செலவு ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய் என்பர். அதன் பெரும்பகுதியைத் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தவர், ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணிபுரிந்த சுலோசன முதலியார். அவருடைய குடும்பம் தொண்டை மண்டலத்திலிருந்து நெல்லைக்கு வந்தது என்பது வழக்கு. மனைவி தம் நகைகளைக் கழற்றித் தந்தார் என்ற கதையும் மக்களிடம் வழங்குகிறது. மாணவர்கள் இதை எழுதும்போது ‘என்று சொல்லப்படுகிறது’ என்பதைச் சேர்த்துக்கொள்வது நல்லது. நகைக் கதை இல்லாவிட்டாலும் கொடையின் பெருமை குறையாது. ஆட்சியரின் கீழ் வேலை பார்த்த ஒருவர், அரசு செய்ய வேண்டிய வேலைக்குத் தம் பணத்தைக் கொடுத்திருக்கிறார். பாலத்துக்கு ஆட்சியர் பெயர் அமையாமல் அவர் பெயரே அமைந்ததும் கவனிக்கத்தக்கது.

பாலத்தில் 11 வளைவுகள் உள்ளன; ஒவ்வொன்றும் சுமார் 60 அடி அகலம். மேலே செல்லும் வண்டிகளின் பாரத்தை வளைவு இரு பக்கத் தூண்களுக்கும் பிரித்து அனுப்புகிறது. எனவே தூணின் அடிமண்ணை வெள்ளம் அரித்துவிடுவதுதான் இத்தகைய பாலங்களுக்குப் பெரிய ஆபத்து. 1869 வெள்ளத்தில் இப்பாலத்தின் ஒரு பகுதி சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது.

இலண்டனில் தேம்சு ஆற்றின் மீது 1817-இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலமே இதற்கு மாதிரி என்பர். அதற்கு 9 வளைவுகள். தேம்சில் படகுப் போக்குவரத்து மிகுதி. இங்கோ ஓடங்கள் மட்டுமே. அந்தப் பாலத்தின் தூண்கள் அடிமண் அரிப்பால் இறங்கிவிட, 1930-களில் அதை இடித்துவிட்டு வேறு பாலம் கட்டினார்கள். மாதிரி போய்விட்டது, அதைப் பார்த்துக் கட்டியதாகச் சொல்லப்படும் நெல்லைப் பாலம் நிற்கிறது!

வாகனங்கள் பெருகியதால் இப்பாலம் பிற்காலத்தில் அகலப்படுத்தப்பட்டது. பக்கத்திலேயே புதிய பாலம் ஒன்றும் எழுந்துள்ளது. 1992-இலும், 2023 டிசம்பரிலும் தாமிரபரணி கரைபுரண்டு நகருக்குள் புகுந்தது. இரண்டு வெள்ளங்களையும் தாங்கி நின்ற பழைய பாலத்தில் இன்றும் பேருந்துகள் செல்கின்றன.